கிழங்கு தின்றால் சோறு தின்றதாகாது

இந்த ஊரில் வயிற்றைத் தள்ளிக்கொண்டு நடக்கிற பெண்ணிடம் யாரும் "என்ன சாப்பிட்டாய்?" என்று கேட்பதில்லை. டிராமில் எழுந்து இடம் கொடுக்கிறார்கள், கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள், அவ்வளவுதான். உள்ளே என்ன போகிறது என்பது அவரவர் சொந்த விஷயம். எங்கள் ஊரான கருங்கல்லில் என்றால் பஸ் ஸ்டாண்டிலிருந்து அப்பாவின் கடைக்குப் போய்ச் சேருவதற்குள் பழக்கடைக்காரர் முதல் தையல்கடை அக்கா வரை விசாரித்து, ஆளுக்கொரு பத்தியமும் சொல்லி அனுப்பியிருப்பார்கள். ஜெர்மனியில் என்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்ட ஒரே ஆள் ஃபிராவ் க்ரூகர். அவருக்கு அது உத்தியோகம். கர்ப்பகாலச் சர்க்கரை வந்தவர்களுக்கு உணவு ஆலோசனை சொல்பவர்.

ஆறாம் மாதப் பரிசோதனையில் எனக்குச் சர்க்கரை கூடியிருந்தது. இப்படியே விட்டால் பிள்ளை அளவுக்கு மீறி வளரலாம், பிரசவம் சிக்கலாகலாம் என்றார் டாக்டர். கொஞ்ச நாள் சாப்பாட்டை ஒழுங்குபடுத்திப் பார்ப்போம், இறங்காவிட்டால் இன்சுலின் என்றார். ஊசிக்கு நான் பயப்படவில்லை. தேவை என்றால் போட்டுக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் என் வாயைக் கட்டிச் செய்யக்கூடியதைச் செய்யாமல் பிள்ளையைச் சங்கடத்தில் விடமாட்டேன் என்று அன்றே தீர்மானித்தேன். ஃபிராவ் க்ரூகர் அரிசியைக் குறைக்கச் சொன்னார். குறைப்பதென்ன, அடியோடு நிறுத்தினேன். வீட்டிலிருந்த அரிசிப் பையைக் கணவர் ரமேஷ் அலமாரியின் மேல்தட்டில் ஏற்றிவைத்தார். எனக்கே என்னை நினைத்துப் பெருமையாக இருந்தது.

விரலைக் குத்தி ரத்தம் பார்க்கிற கருவிக்கு அந்தப் பெருமை தெரியவில்லை. எண் ஏறியே நின்றது. அடுத்த சந்திப்பில் ஃபிராவ் க்ரூகர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, "கூஹன்? ஷோகொலாடெ?" என்று மெதுவாகக் கேட்டார். கேக்கும் சாக்லேட்டும் ஒளித்துத் தின்கிறேனாம். "நைன்! இல்லவே இல்லை, அரிசியைக்கூடத் தொடுவதில்லை" என்றேன். அவர் தலையாட்டிய விதத்திலேயே நம்பவில்லை என்று தெரிந்தது. எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. பிறகு என்னதான் சாப்பிடுகிறீர்கள் என்றார். ஜெர்மனில் பெயர் தெரியாமல் இரண்டு கையையும் விரித்து நீளம் காட்டினேன். வெள்ளரிக்காயா என்று கேட்டார். இது ஆகாது என்று, அடுத்த முறை அந்தப் பண்டத்தையே டிபன் டப்பாவில் கொண்டுபோய் அவர் மேசைமேல் வைத்தேன்.

மரச்சீனிக் கிழங்கு, மற்ற ஊர்களில் மரவள்ளி. எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை. காலையில் கிழங்கை வேகவைத்து, தேங்காயும் காந்தாரி மிளகாயும் அரைத்துப் போட்டு மசித்து, மேலே மீன்கறி ஊற்றி ஒரு தட்டு தின்றபிறகும், எதிரே வருபவர் "வல்லதும் தின்னியா?" என்று கேட்டால், "இல்ல, கொஞ்சம் கிழங்கு தின்னேன்" என்றுதான் பதில் வரும். கிழங்கு கணக்கில் சேராது. சோறுதான் சோறு. அப்பா மதியம் கடையிலிருந்து வந்து கிழங்கைத் தின்றுவிட்டு, அந்தக் கையோடு சோற்றுக்கும் உட்காருவார். அந்தக் கணக்கை நானும் விமானத்தில் ஏற்றிக் கொண்டுவந்திருக்கிறேன். ஆப்பிரிக்கக் கடையில் மெழுகு பூசி விற்கிற கிழங்கை வாங்கிவந்து, பத்தியம் இருக்கிற நினைப்பில் காலையும் இரவும் தட்டு நிறையத் தின்றுகொண்டிருந்தேன்.

ஃபிராவ் க்ரூகர் ஒரு துண்டை வாயில் போட்டு மென்றார். "ஷ்டெர்க்கெ" என்றார். மாவுச்சத்து. அரிசிக்கு அண்ணன் என்று நான் புரிந்துகொண்டேன். வெட்கமாக இருந்தது, சிரிப்பும் வந்தது, அவரும் சிரித்துவிட்டார். தட்டில் பாதி காய்கறி, கால்பங்கு மீனோ பயறோ, மீதிக் கால்பங்குக்குள்தான் சோறோ கிழங்கோ இந்த ஊர்க் கறுத்த ரொட்டியோ என்று வரைந்து காட்டினார். சாப்பிட்டதும் கொஞ்சம் நடக்கச் சொன்னார்.

இதை வீடியோ அழைப்பில் அம்மாவிடம் சொல்வதுதான் பெரும்பாடாக இருந்தது.

"கிழங்கு தின்னா சுகர் வருமா? ஒனக்கென்னட்டி, பிராந்தா பிடிச்சிருக்கு? வயித்துப்பிள்ளக்காரி ரெண்டாளுக்குத் திங்கணும், கேட்டியா."

"ரெண்டாளுக்கும் நல்லதா திங்கேன்மா. ரெண்டாள் அளவு வேண்டாம்."

"சீனி ஆகாதுன்னா கருப்பட்டி குடுத்து விடுகேன். அது ஒண்ணும் செய்யாது."

"அதுவும் வேண்டாம்மா."

அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். அதன்பிறகு சில நாள் பேச்சு ஒன்றிரண்டு வார்த்தையோடு முடிந்தது. எனக்கு வலிக்கத்தான் செய்தது. மகள் மெலிந்துபோனால் ஊர் தாயைத்தான் கேட்கும் என்று எனக்குத் தெரியாதா? ஆனாலும் விட்டுக்கொடுக்கவில்லை. துருக்கிக்காரர் கடையில் சாளை மீன் கிடைத்தது. தேங்காய் போட்டு வதக்கிய முட்டைக்கோஸ் துவரன், சிறுபயறு, சாளைக் கறி, உள்ளங்கை அளவு கிழங்கு. கிழங்கு இல்லாத நாளில் கறுத்த ரொட்டியைக் கறியில் முக்கித் தின்றேன். முதல் நாள் மரப்பட்டையைக் கடிப்பதுபோல் இருந்தது. கடித்தேன். குளிரில் ரமேஷ் கையைப் பிடித்துக்கொண்டு தெருவைச் சுற்றி நடந்தேன். எண் மெல்ல மெல்ல இறங்கியது.

போன வாரம் ஸ்கேன். திரையில் வளைந்து போகிற ஒரு கோட்டை டாக்டர் காட்டினார். பிள்ளைகள் எந்த மாதத்தில் எவ்வளவு வளர்ந்திருக்க வேண்டும் என்பதற்கு இங்கே வைத்திருக்கிற கோடு. அதன்மேல் ஒரு புள்ளியாக என் பிள்ளை. "கெனாவ் இன் டெர் மிட்டெ" என்றார். நட்டநடுவில். இன்சுலின் தேவையில்லை. கண்ணில் நீர் வந்துவிட்டது. காத்திருப்பறைக்கு வந்து படத்தை அம்மாவுக்கு அனுப்பினேன். உடனே அழைத்தார்.

"மூக்கப் பாத்தியா மக்களே? ஒன் அப்பாவுக்க மூக்காக்கும். அசல் கருங்கல் மூக்கு." பிறகு சொன்னார்: "நீ ஒனக்க கணக்குக்கே தின்னு. போதும்."

ரமேஷ் வரும்வரை காத்திருப்பறையிலேயே உட்கார்ந்தேன். பசித்தது, டப்பாவைத் திறந்தேன். சாளை மணம் அறை முழுக்க எழுந்தது. எதிரே இருந்த பெண் நிமிர்ந்து பார்த்தாள். நான் மூடவில்லை. மடியில் இந்த நாட்டுக் கோட்டின் நட்டநடுவில் நிற்கிற பிள்ளையின் படம், கையில் புளியும் மிளகாயும் ஊறிய கறுத்த ரொட்டி. முதல் வாய் உள்ளே இறங்கியதும், அந்தக் கருங்கல் மூக்கு இருக்கிற இடத்துக்குப் பக்கத்திலிருந்து ஓர் உதை விழுந்தது.