மாகறல் வாத்தியார் காரில் ஊற்றிய கெட்டி எண்ணெய்

சுண்டுவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரியது அந்தக் கம்பிவலைச் சல்லடை. எஞ்சினின் மேல்மூடிக்குப் பக்கத்தில், எண்ணெய் போகும் வழியில் ஒளிந்திருக்கும். புதிதாக இருக்கும்போது வெயிலில் பிடித்தால் அந்தப் பக்கம் தெரியும். அன்றைக்கு நான் கழற்றியது தார் பூசியதுபோல அடைத்துக் கிடந்தது. அதை உள்ளங்கையில் வைத்து, பட்டறையில் நின்றவர்களெல்லாம் பார்க்கும்படி மச்சானின் முகத்துக்கு நேராக நீட்டினேன். அப்படி நீட்டியதை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது.

மச்சான் என் மனைவியின் அண்ணன். என்னைவிட இரண்டு வயது மூத்தவர் என்றாலும் எங்களுக்குள் வா, போ பேச்சுதான். தென்னேரியில் விவசாயக் குடும்பம். டிராக்டரையும் பம்புசெட்டையும் பிரித்துப் பூட்டியே தொழில் கற்றவர். நான் டிப்ளமோ படித்தவன், அந்தக் கொழுப்பு கொஞ்சம் உண்டு. காஞ்சிபுரத்தில் செவிலிமேடு போகும் சாலையில் இருவரும் சேர்ந்து கார் பட்டறை வைத்தோம். கல்யாணப் பட்டு எடுக்க வருகிற வெளியூர் வண்டிகள்தான் எங்களுக்குப் பாதிச் சோறு போட்டன. வீட்டார் கடைக்குள் நான்கு மணி நேரம் புடவை புரட்டுவார்கள். டிரைவர் எஞ்சினை நிறுத்தாமல் ஏசியில் தூங்குவார். வண்டி சூடேறி எங்களிடம் வந்து நிற்கும்.

ஒரு முறை சென்னையில் நடந்த மூன்று நாள் பயிற்சிக்குப் போய்வந்தேன். திரும்பி வந்ததும் சாப்பிடக்கூட உட்காராமல் மச்சானுக்குப் பாடம் எடுத்தேன். எஞ்சினுக்குள் காற்று வருவதும் புகை போவதும் வால்வு என்கிற சின்னக் கதவுகள் வழியாக. கேம் ஷாஃப்ட் என்ற தண்டு சுழலும்போது அதிலுள்ள மேடுகள் அந்தக் கதவுகளை அழுத்தித் திறக்கின்றன. பழைய எஞ்சினில் எப்போது திறப்பது, எவ்வளவு திறப்பது என்பதெல்லாம் தண்டைக் கடைந்தபோதே முடிவானது, ஆயுசுக்கும் மாறாது. ஆனால் ஊருக்குள் மூங்கில் மண்டபத்து நெரிசலில் ஊர்ந்து போகும்போது எஞ்சினுக்குத் தேவைப்படும் காற்று வேறு, பெங்களூர் சாலையில் பறக்கும்போது வேறு. அதனால் புது எஞ்சின்களில் தண்டின் முனையிலுள்ள பல்சக்கரத்துக்குள் சின்னச் சின்ன அறைகள் வைத்திருக்கிறார்கள். ஒரு பக்க அறைக்கு எண்ணெய் போனால் தண்டு கொஞ்சம் முன்னால் திரும்பி, கதவுகள் முன்கூட்டியே திறக்கும். மறுபக்கம் போனால் தாமதமாகத் திறக்கும். இது நேரத்தை மாற்றும் வேலை. சில எஞ்சின்களில் ஆழத்தையும் மாற்றலாம். தண்டில் குட்டை மேடு, நெட்டை மேடு என இரண்டு இருக்கும். வேகம் கூடியதும் எண்ணெயின் அழுத்தம் ஒரு சின்ன ஊசியைத் தள்ளிப் பூட்டும். அதன்பின் நெட்டை மேடு சொல்வதுதான் சட்டம். கதவு இன்னும் ஆழமாகத் திறக்கும்.

நான் மூச்சுவிட்டதும் மச்சான் சிரித்தார். "இதுக்கா மூணு நாள் போன மாப்ள? சும்மா நாள்ல கோயில்ல சின்னக் கதவு போதும். கருட சேவ அன்னிக்குப் பெரிய கதவத் தொறக்கறாங்க. அதுவும் சனம் வந்து முட்டிக்கினப்புறமா தொறப்பாங்க? முன்னாடியே தொறந்து வெப்பாங்க. அவ்ளோதானபா?"

அவ்வளவுதான். மூன்று நாள் பயிற்சியில் எவரும் இப்படிச் சொல்லித்தரவில்லை. வேகத்தில் காற்று உள்ளே வர நேரம் போதாது; அதற்காகத்தான் கதவை முன்கூட்டியே திறப்பதும் ஆழமாகத் திறப்பதும். எனக்கு உள்ளுக்குள் எரிந்தது. பாராட்டாமல், எண்ணெய்ப் பேச்சுக்குத் தாவினேன். இவ்வளவு வேலையையும் செய்வது எஞ்சின் ஆயில்தான் என்பதால் அது மெல்லிசாக இருக்க வேண்டும், கெட்டியாக இருந்தால் அந்த நுண்ணிய வழிகளில் ஓடாது என்றேன். டிராக்டர் பார்த்த மெக்கானிக்குகளுக்கு இது மட்டும் தொண்டையில் இறங்காது. நம் ஊர் வெயிலுக்குக் கெட்டி எண்ணெய்தான் காப்பு என்பது அவர்கள் நம்பிக்கை; பிரியமான வாடிக்கையாளர் என்றால் இன்னும் கெட்டியாகத் தேடி ஊற்றுவார்கள். மச்சானும் முனகினார். ஆனாலும் மறுநாளே மெல்லிசு எண்ணெய் டப்பாக்களைத் தனியாக அடுக்கி, மேலே சிவப்புப் பெயின்ட் தடவி வைத்தார். பீப்பாயிலிருந்த கெட்டி எண்ணெய் பழைய வண்டிகளுக்கு மட்டும் என்று ஆனது.

எங்கள் பழைய வாடிக்கையாளர் மாகறல் வாத்தியாரின் கார் வந்தது அதற்கு அடுத்த வருஷம். ஆக்சிலேட்டரை மிதித்தாலும் இழுக்கவில்லை, மேட்டில் திணறுகிறது என்றார். மச்சான் இரண்டு நாள் பிளக்கையும் ஃபில்டரையும் மாற்றிப் பார்த்தார். மூன்றாம் நாள் நான் கையை வைத்தேன். எண்ணெய் அளக்கும் குச்சியை இழுத்தவுடனே தெரிந்துவிட்டது. பாகுபோல ஒட்டியது. சல்லடையைக் கழற்றினேன். பல்சக்கரத்துக்குப் போக வேண்டிய எண்ணெய் அங்கேயே முட்டிக்கொண்டு நின்றிருக்கிறது. எஞ்சின் எவ்வளவு வேகமாக ஓடினாலும் கதவுகள் ஊர்ந்து போகிற வண்டிக்கான கணக்கிலேயே திறந்திருக்கின்றன.

வாத்தியார் இருந்தார், வேலையாட்கள் இருந்தார்கள், சாப்பாடு கொண்டுவந்த என் மனைவியும் நின்றாள். நான் சொன்னேன்: "டிராக்டர் புத்தி எங்க போவும் மச்சான்? ஒனக்கு எத்தினி வாட்டி சொல்றது? நீ மாட்டு வண்டிக்கு மை போடத்தான் லாயக்கு."

வாத்தியார் ஏதோ சொல்ல வாயெடுத்தார். மச்சான் சட்டென்று அவர் கையைப் பிடித்துக்கொண்டார். மன்னிப்புக் கேட்கிறார் போலிருக்கிறது என்று நினைத்து நான் இன்னும் நிமிர்ந்து நின்றேன். "தப்புதான் மாப்ள" என்றார். அன்று மாலை தன் ஸ்பானர்களைத் துடைத்து ஒரு சாக்கில் கட்டிக்கொண்டு தென்னேரிக்குப் போனவர் திரும்பி வரவில்லை. ஏரிக்கரை ஓரமாக மறுபடியும் டிராக்டர் வேலையை ஆரம்பித்துவிட்டதாகக் கேள்விப்பட்டேன்.

நான் போய்க் கூப்பிடவில்லை. தப்பு செய்தவன் தானே வரட்டும் என்று இருந்தேன். மனைவி அண்ணன் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் நானும் வருகிறேனா என்று கேட்பாள். வேலை இருக்கிறது என்பேன். முக்கால் மணி நேரத் தொலைவுதான். மூன்று வருஷம் அப்படியே ஓடியது. போன ஐப்பசியில் நெஞ்சு வலிக்கிறது என்று உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. நான் போய்ச் சேர்ந்தபோது மாலை போட்டுப் படுக்க வைத்திருந்தார்கள்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு மாகறல் வாத்தியார் வந்திருந்தார். சாப்பிட்டு முடித்து வேப்பமரத்தடியில் என் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். நல்ல மனிதர் போய்விட்டார் என்று தொடங்கியவர், வெகு இயல்பாக அதைச் சொன்னார். அந்தக் கெட்டி எண்ணெயை ஊற்றியது மச்சான் இல்லை. கார் திணறி வந்ததற்கு முந்தைய வருஷம், வைகாசி கருட சேவை அன்று மச்சான் கோயிலுக்குப் போய்விட்டார். பட்டறையில் நான் தனியாக இருந்தேன். சிவப்பு டப்பாக்கள் தீர்ந்துபோயிருந்தன. ஒரு முறைக்கு ஒன்றும் ஆகாது சார், அடுத்த மாதம் வாங்க, மாற்றிவிடலாம் என்று சொல்லி நானே பீப்பாயிலிருந்து பிடித்து ஊற்றினேனாம். அவர் ஒரு வருஷமாக வண்டியை எங்கேயும் காட்டவில்லை. நான் மறந்துவிட்டேன். சென்னை போய் மூன்று நாள் படித்துவிட்டு வந்தவன் நான்.

"அன்னைக்கே சொல்லியிருப்பேன். அவருதான் கையப் புடிச்சி அழுத்திட்டாரு. அப்புறமா வாசல் வரைக்கும் வந்து, தங்கச்சி வூட்டுக்காரன் சார், நாலு பேரு முன்னாடி எறக்கிடாதீங்கன்னாரு."

எங்கள் பக்கத்தில் தங்கை புருஷனைத் தனியாக எவ்வளவு வேண்டுமானாலும் திட்டலாம். சபையில் விட்டுக்கொடுக்க மாட்டார்கள். அது எனக்குத் தெரியாத வழக்கம் இல்லை. அதே வழக்கம் மச்சானுக்கும் மரியாதை வைக்கச் சொல்கிறது என்பதுதான் எனக்கு நினைவில்லாமல் போயிற்று. அழக்கூட எனக்கு அங்கே உரிமை இருந்ததாகத் தோன்றவில்லை.

வீடு திரும்பும் வழியில், வாலாஜாபாத் தாண்டி வண்டியை ஓரம் கட்டினேன். வாத்தியார் சொன்னதை மனைவியிடம் சொன்னேன். அவள் ஆச்சரியப்படவில்லை. அன்றைக்கு ராத்திரியே அண்ணன் போனில் சொல்லிவிட்டார் என்றாள். எனக்குக் கோபம் வந்தது, வெட்கங்கெட்ட கோபம். தெரிந்திருந்தும் மூன்று வருஷம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

அவள் கண்ணாடி வழியாகச் சாலையையே பார்த்தபடி சொன்னாள்:

"சொன்னா நீ அன்னிக்கே ஓடிப் போயி கூட்டினு வந்திருப்ப. அதான் வேணாம்னிச்சி அண்ணன். 'தப்பு என்து இல்லன்னு தெரிஞ்சி வந்தா இன்னா இருக்குது? தப்பு என்துன்னே நெனச்சிக்கினு ஒருநாளு வரட்டும்'னு சொல்லிச்சி. நான் போறப்பலாம் எனக்குப் பின்னாடி யாருனா வராங்களான்னு எட்டி எட்டிப் பாத்துக்கினே இருக்கும்பா."