சிவப்புப் பூ எந்தப் பக்கம் சார்?

போன மாதம் ஒரு வாசகர் போன் செய்தார். தாம்பரத்துக்காரர், ரிட்டயர்டு. 'ஹலோ'விலேயே கோபம் தெரிந்தது.

"சார், அந்தச் சிவப்புப் பூ எந்தப் பக்கம் சார் தெரியும்?"

எந்தப் பூ?

"அதான் சார், வானத்துல ரோஜா மாதிரி நீங்க எடுத்த போட்டோ! அதைப் பார்த்துட்டுத்தான் உத்திரமேரூர்ல பிளாட் புக் பண்ணினோம். நேத்து ராத்திரி போய்ப் பார்த்தா ஒண்ணும் தெரியல. என் வொய்ஃபுக்குக் கழுத்து பிடிச்சுக்கிட்டதுதான் மிச்சம்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான் எப்போது மனை விற்றேன்?

வாட்ஸ்அப்பில் படம் அனுப்பினார். ஒரு லேஅவுட்டின் ஆர்ச். அதன் தலையில் பிரம்மாண்டமான ஃப்ளெக்ஸ். மேலே என் நெபுலா படம். கீழே கம்ப்யூட்டர் வரைந்த வில்லா, சிரிக்கும் குடும்பம், ஒரு நாய்க்குட்டி. 'நட்சத்திரங்களின் நிழலில் உங்கள் இல்லம்!' நட்சத்திரத்துக்கு ஏது நிழல்? அதை விடுங்கள். என்னை ஒரு வார்த்தை கேட்டார்களா? நாய்க்குட்டிக்குக் கொடுத்த இடத்தில் பாதி என் பெயருக்குக் கொடுத்திருக்கலாம்.

ரெகுலர் வாசகர்களுக்கு நினைவிருக்கும். சென்ற வருடம் இதே பக்கத்தில் அந்தப் படம் வந்தது. 'சென்னைக்கு இவ்வளவு பக்கத்தில் இவ்வளவு நல்ல இருட்டா!' என்று ஊர்ப் பேரோடு எழுதியிருந்தேன். வாசகர்கள் மட்டும்தான் படிப்பார்கள் என்று நினைத்தேன். புரோக்கர்களும் படிக்கிறார்கள்.

மறந்தவர்களுக்கு ஒரு சின்ன ரிவிஷன். திருவாதிரை நட்சத்திரத்துக்குக் கொஞ்சம் கிழக்கே அந்த நெபுலா இருக்கிறது. வெறும் வாயு மேகம். கண்ணுக்குத் தெரியவே தெரியாது. அதன் சிவப்பு, சாதாரண கேமராவிலும் சரியாக விழாது. உள்ளே இருக்கும் ஒரு ஃபில்டர் அந்த வெளிச்சத்தைத் தடுத்துவிடும். அதைக் கழற்றி என் கேமராவை மாற்றி வாங்கினேன். இப்போது அதில் கல்யாண போட்டோ எடுத்தால் மாப்பிள்ளை தக்காளி மாதிரி இருப்பார். "நல்ல கேமராவைக் காசு கொடுத்துக் கெடுத்துட்டு வந்திருக்கீங்க" என்றாள் என் மனைவி.

கூடவே டிராக்கர். டிபன் பாக்ஸ் சைஸில் ஒரு மோட்டார். பூமி சுற்றும் அதே வேகத்தில் எதிர்ப்பக்கமாகக் கேமராவைத் திருப்பிக்கொண்டே இருக்கும். அதை முதலில் துருவ நட்சத்திரத்தைப் பார்த்து நிறுத்த வேண்டும். நம் ஊரில் அது வடக்கே ரொம்பத் தாழ்வாக, அடிவானத்துக்குக் கொஞ்சம் மேலேதான் இருக்கும். அந்த ஒரு நட்சத்திரம் தெரியாவிட்டால் என் பாடு திண்டாட்டம்தான்.

இதையே அவருக்கும் போனில் விளக்கினேன். "அப்போ கண்ணுக்குத் தெரியாததைக் காட்டி ஏமாத்தியிருக்கீங்க!" என்றார் தாம்பரத்துக்காரர். ஏமாத்தியிருக்கீங்க... என்னைச் சொன்னார்! போனையும் வைத்துவிட்டார்.

மறுநாள் காலையே உத்திரமேரூருக்குக் கிளம்பிப் போனேன்.

நான் எப்போதும் டிரைபாட் போடுவது தேவகி அக்காவின் வரப்பில். கூலிக்கு நாற்று நட்டு, சீட்டுப் பிடித்து, புருஷனும் பெண்டாட்டியுமாகச் சேர்த்து வாங்கிய முக்கால் காணி நிலம். முதல் தடவை என் மூட்டை முடிச்சைப் பார்த்துவிட்டு அவர் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது. "கண்ணுக்குத் தெரியாதத புடிக்க இம்மாம் சாமானா? இன்னா தம்பி, வூட்ல யாரும் கேக்க மாட்டாங்களா?" பிறகு பிரிண்ட் போட்டுக் கொடுத்தேன். "தோ பார்றா, செம்பருத்தி மாதிரி கீது!" என்று மோட்டார் கொட்டகையில் மாட்டிக்கொண்டார்.

வடக்கு வரப்பை ஒட்டி அந்த ஆர்ச் நின்றது. என் துருவ நட்சத்திரம் இருக்கும் திசையில், மிகச் சரியாக. ஆர்ச்சிலும் கம்பங்களிலும் ஃபோகஸ் லைட்டுகள். லேஅவுட்டுக்குள் ஒரு வீடு கிடையாது, ஒரு மனிதர் கிடையாது. வெறும் எல்லைக்கல். தேவகி அக்காவின் தெருவில் லைட் எரியாமல் எத்தனையோ நாளாகிறது. இங்கே கல்லுக்கு விடிய விடிய வெளிச்சம்.

சண்டை போடும் மூடில்தான் போனேன். அக்கா என்னை வயலுக்குள் கூட்டிக்கொண்டு போனார்.

அறுப்பு மிஷின் வந்து போயிருந்தது. வயல் முழுக்க அறுத்து விட்ட அடித்தாள்கள். வடக்கு ஓரம் மட்டும் பச்சைப் பசேலென்று நின்றுகொண்டிருந்தது. தை மாதத்தில்!

"லைட்டு படுற பக்கம் கதிரே வரல தம்பி. தழதழன்னு வளந்துக்கினே கீது. மாட்டுக்குத்தான் அறுத்துப் போடணும்."

"விவசாய ஆபீஸ்ல கேட்டீங்களாக்கா?"

"கேட்டேனே. ராவெல்லாம் வெளிச்சம் பட்டா நெல்லு அப்படித்தான் ஆவும்ன்றாங்கோ. சரி, நான் இன்னா பண்றதுன்னா, லைட்டு போட்டவனப் போய்க் கேளுன்றாங்கோ. ரொம்ப பேஜாரா கீது."

நான் இருட்டு வேண்டும் என்று அலைகிறேன், பொழுதுபோக்குக்கு. அவருடைய நெல்லுக்கும் அதே இருட்டுதான் வேண்டியிருக்கிறது, சோற்றுக்கு. வெட்கமாக இருந்தது. அதைவிட ஆத்திரமாக இருந்தது.

இரண்டு பேரும் சைட் ஆபீஸுக்குப் போனோம். ஏ.சி. போட்ட கண்டெய்னர். கழுத்தில் டேக் மாட்டிய மேனேஜர் எழுந்து நின்று கை கொடுத்தார்.

"சார், அந்த போட்டோ எடுத்தது நீங்களா? வேற லெவல் சார்! ஒரு செல்ஃபி எடுத்துக்கலாமா?"

திருடனைப் பிடிக்கப் போனால் திருடன் ஆட்டோகிராஃப் கேட்கிறான். எங்கே போய்ச் சொல்ல?

"போட்டோவை அப்புறம் பேசலாம். ராத்திரில லைட்டை அணைங்க. இவங்க பயிர் போகுது."

"லைட்ட ஆஃப் பண்ணா ஏரியா இருட்டா இருக்குன்னு கஸ்டமர் பயப்படுவாங்க சார்."

"இருட்டைக் காட்டித்தானே தம்பி வித்தீங்க?"

மேனேஜர் சிரித்தார். கோபமே வராத ஆசாமி. அக்கா பக்கம் திரும்பினார்.

"அம்மா, அந்த ஓரத்துல இனிமே உங்களுக்கு எதுவும் வராது. எங்களுக்கே குடுத்துடுங்களேன். மேனேஜ்மென்ட்ல கேட்டுக்கிட்டேதான் இருக்காங்க."

கேட்டுக்கொண்டேதான் இருக்கிறார்களாம்! அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஃபோகஸ் லைட்டுகளில் பாதி லேஅவுட்டைப் பார்க்கவில்லை. வயலைப் பார்த்துத்தான் திரும்பியிருந்தன.

தேவகி அக்கா எழுந்துவிட்டார்.

"நெல்லு வராத நெலமா நீயே ஆக்கிட்டு, நீயே வாங்கிக்கறியா? உன் வூட்ல சோறு துன்றதில்ல?"

எனக்கு விசிலடிக்கத் தோன்றியது. அந்த ஏ.சி. ரூமில் அன்று பேசப்பட்ட ஒரே நியாயம் அதுதான். லைட்டை அணைப்பார்கள், குறைந்தபட்சம் திருப்பியாவது வைப்பார்கள் என்று நம்பித் திரும்பி வந்தேன். என்ன ஒரு நம்பிக்கை!

முந்தாநாள் அக்கா போன் செய்தார்.

"அந்த ஓரத்த எழுதிக் குடுத்துட்டேன் தம்பி."

"ஏன்க்கா?"

"இன்னும் ரெண்டு லைட்டு போட்டுட்டான். வுட்டா அடுத்த போகம் முக்கால் காணியும் பச்சையாவே நிக்கும். மிச்சத்தையாவது காப்பாத்திக்கணுமே." அவரே தொடர்ந்தார். "உன் செம்பருத்திய கொட்டாய்லேர்ந்து கழட்டிட்டேன். அதுல ஒண்ணியும் உன்மேல கோவமில்ல. பாக்க முடியல, அவ்ளோதான்."

மிச்சத்தைக் காப்பாற்றுவாராம். ஆர்ச் இனி அந்த ஓரத்தை விழுங்கிவிட்டு இன்னும் பக்கத்தில் வந்து நிற்கும். இது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

தாம்பரம் வாசகருக்கு ஒரு பதில் பாக்கி இருக்கிறது. ஐயா, சிவப்புப் பூ எந்தப் பக்கம் என்று கேட்டீர்களே... வடக்குப் பக்கம், ஆர்ச்சுக்கு மேலே, ஃப்ளெக்ஸில். விடிய விடிய லைட் போட்டு வைத்திருக்கிறார்கள். கண்ணாடி கூட வேண்டாம், நன்றாகத் தெரியும்.