மூன்றாம் வளைவில் இறங்கிய பன்னிரண்டு

கரியாலூரில் மழைக்காலம் முழுக்க எழுதிய புத்தகம் லேப்டாப்புக்குள் இருந்தது. லேப்டாப்போ செத்துக்கொண்டிருந்தது. ஹார்ட் டிஸ்க்கிலிருந்து கடகடவென்று சத்தம். "ஆஃப் பண்ணிடாதீங்க சார், பண்ணா மறுபடி வராது" என்றார் கள்ளக்குறிச்சி ரிப்பேர் கடைக்காரர், போனில். அதோடு சிக்னலும் போய்விட்டது. மூடினால் அணைந்துவிடுமென்று, திறந்த லேப்டாப்பைத் தளும்பும் பால் குண்டான்போல மடியில் ஏந்தி, மலை இறங்கும் பஸ்ஸில் உட்கார்ந்தேன்.

கறுப்புத் திரை. கட்டளைக்குக் காத்திருக்கும் ஒற்றை வரி. எழுதுவதையெல்லாம், ஒவ்வொரு மாற்றத்தையும் பதிந்துவைக்கும் 'கிட்' என்ற மென்பொருளில் சேமிப்பவன் நான். அதன் நிலவரம் அந்த வரியிலேயே தெரியும்படி வைத்திருந்தேன். சேமிக்காத மாற்றம் இருந்தால் ஒரு நட்சத்திரம். சேமித்தும் வெளியே, நெட்டிலுள்ள பிரதிக்கு அனுப்பாதவை இருந்தால் மேல்நோக்கி ஓர் அம்பு, பக்கத்தில் எண். அன்று பதினொன்று. மொத்தப் புத்தகமும் அந்தப் பதினொன்றில்தான்.

ஜன்னலோரம் சாமை மூட்டையோடு இருந்த மலைக்கார அக்கா எட்டிப் பார்த்தாள்.

"இன்னா சாரே அது, பதினொன்னு?"

"இன்னும் எறங்காத மூட்டைங்கக்கா."

"மேல பாத்து அம்பு போட்டுக்கினு எறங்கலன்றியே!"

பின்சீட்டு சிரித்தது.

மூன்றாம் கொண்டை ஊசி வளைவில்தான் நெட் கிடைக்கும். டிரைவரே அங்கே வேகத்தைக் குறைப்பார். அதற்குள் கை சும்மா இருக்கவில்லை. கடைசிப் பக்கத்தில் 'பனி'யை 'ஈரம்' என்று மாற்றி, வரிக்குத் திரும்பினேன். நட்சத்திரம் முளைத்திருந்தது. நான் கேட்கவேயில்லை. சாகிற நேரத்திலும் ஒரு சொல் மாறியதைக் கண்டு, அதுவாகச் சொன்னது. முழங்கைவரை சிலிர்த்தது எனக்கு. சேமித்தேன். நட்சத்திரம் மறைந்து, அம்பருகே பன்னிரண்டு.

"ஏத்திட்டியா இன்னொண்ணு? சும்மாவே இருக்க மாட்டியா நீ? வளைவு வந்துடுச்சு, போனைக் குடு."

என் போன் வழியாகத்தான் லேப்டாப்புக்கு நெட். அக்கா அதைப் பிடித்து ஜன்னலுக்கு வெளியே நீட்டினாள். பஸ் முழுக்கப் போன்கள் கூவின. அனுப்பும் கட்டளையைத் தட்டினேன். சதவீதம் ஊர்ந்தது, நின்றது, ஊர்ந்தது.

"யம்மா, கைய உள்ள எடு!" கண்டக்டர் கத்தினார்.

"இருய்யா, சாரு மூட்டை எறங்குது!"

வரி திரும்பியது. அம்பு இல்லை, எண் இல்லை, நட்சத்திரம் இல்லை. அப்படியொரு வெறுமையை நான் கண்டதில்லை. கதிரடித்துக் கூட்டிவிட்ட களம்போல. நம்பாமல் நான்குமுறை என்டர் தட்டினேன். நான்குமுறையும் புதிதாகப் பார்த்துவிட்டு அதையே சொன்னது.

அடிவாரத்தில் திரை அணைந்தது. சத்தமும் நின்றது.

"செத்துடுச்சா?"

"ஆமாக்கா."

"அம்பு?"

"அது முன்னாடியே போயிடுச்சு."

போனைச் சேலைத் தலைப்பில் துடைத்துக் கொடுத்தாள். "அப்புறம் இன்னா, மூடு சாரே."

மூட முடியவில்லை. கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுவரை திறந்தபடியேதான் ஏந்தி வந்தேன்.