ஊமைப் படத்துக்குப் பாடியது

என் புருஷனை ஆமி பிடித்துக்கொண்டு போன பிறகு மூன்று மாதம் நான் யாரோடும் பேசவில்லை. ஓட்டமாவடிச் சிநேகிதி ஒரு பகல் என்னைத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போனாள். வீடியோ டெக்கில் இந்திப் படப் பாட்டுகள் ஓடின. வீதியில் ஆமி நின்றதால் சத்தத்தை நிறுத்தியிருந்தாள்.

"ரேடியோவில கேட்டு எல்லாம் உனக்குப் பாடம்தானே. பாட்டப் படிகா, ஊமைப் படத்த எவ்வளவு நேரம் பாக்கிற?" என்றாள்.

எனக்கு எழுத்து வாசிப்புத்தான் மட்டு, காதில் கேட்டது மறக்காது. திரையில் மலையடியில் நின்றவளின் வாயசைவைப் பார்த்தே பாட்டைப் பிடித்துவிட்டேன். மெதுவாகப் பாடினேன். அவள் கை விரிந்த இடத்தில் ராகமும் விரிந்தது. தலை குனிந்தபோது இறங்கியது. ஒரு சொல்லும் பிசகவில்லை. அர்த்தம் எனக்குத் தெரியாது.

படத்தில் அவள் அழுதாள். சிநேகிதியும் அழுதாள். எனக்கு ஒன்றும் வரவில்லை.

"இனிக் கதைப்பியாகா?" என்றாள்.

நான் அடுத்த பாட்டுக்காகத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.