பிரேக் அக்காவின் இடது கை

ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் அவளுக்குப் பெயர் பிரேக் அக்கா. பயிற்சிக் காரில் சொல்லித்தருபவர் பக்கமும் ஒரு பிரேக் உண்டு. ஓட்டுகிறவர் அலறுவதற்கு முன்பே அவள் கால் அதை மிதித்திருக்கும்.

லூபஸ் வந்து பல வருடமாகிவிட்டது. உடம்பின் எதிர்ப்புச் சக்தி உடம்பையே தாக்கும் நோய். வெயில் பட்டால் கன்னம் சிவக்கும், மூட்டு வீங்கும். முழுக்கைச் சட்டை, தொப்பி, மாத்திரை என்று சமாளித்துக்கொண்டிருந்தாள். வலி கொஞ்சம் அடங்கியிருந்த சமயத்தில்தான் டாக்டரம்மா புதிதாக ஒரு ரத்தப் பரிசோதனை எடுக்கச் சொன்னார். முடிவு வந்ததும் அவளைக் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

“ரத்தக்குழாயோட உள்பக்கம் புண்ணானா சில பொருள் ரத்தத்துல கூடும். உங்களுக்குக் கூடியிருக்கு.”

“எனக்கு எங்கேயும் வலிக்கலையே டாக்டர்? பிரஷர்கூட சரியாத்தானே இருக்கு?”

“வலிக்காது, அதான் பிரச்சினை. இதை வச்சு இன்னதுதான் நடக்கும்னு சொல்ல முடியாது. ஆனா லூபஸ் இருந்தா சின்ன வயசுலேயே இதயத்துலயோ மூளையிலயோ ரத்தக்குழாய் அடைப்பு வரலாம். வாய் கோணினா, கை மரத்தா, பேச்சு குழறினா, வீட்டுக்குப் போகாம நேரா இங்க வந்துடுங்க.”

வீட்டில் சொன்னாள். கணவர் குழாய் ரிப்பேர்காரர். எதையும் கேலி செய்கிறவர். குழாய் என்ற சொல் காதில் விழுந்தும் அன்று அவர் கேலி செய்யவில்லை; ரிப்போர்ட்டை வாங்கி இரண்டு முறை படித்தார். அதைப் பார்த்துத்தான் அவளுக்குப் பயம் வந்தது. பிறகு, உட்கார்ந்த வாக்கில் கால் மரத்தாலும் பகீரென்றது.

ஒரு நாள் காலை ஸ்டியரிங்கில் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். மூன்றாம் கியர் என்றாலே வியர்த்துக் கொட்டும் மனிதர். “லெஃப்ட்ல திரும்புங்க” என்று சொல்லிக் கைகாட்டப் போனாள். இடது கை மடியிலேயே கிடந்தது.

“சார்... ஆஸ்பத்திரிக்கு விடுங்க.” நாக்கு தடித்திருந்தது.

“நானா? வேற யாரையாவது கூப்பிடறேம்மா!”

“நேரமில்ல. ஓட்டுங்க. பிரேக்கை... நான் பாத்துக்கறேன்.”

ஹாரனில் வைத்த கையை அவர் எடுக்கவேயில்லை. வண்டி அலற, மனிதரும் கூடவே அலறினார். ஆஸ்பத்திரி வாசலைக் குறுக்கே மறித்து நிறுத்தினார். சத்தம் போட்ட வாட்ச்மேனை வாழ்க்கையில் முதல்முறையாகத் திருப்பிச் சத்தம் போட்டார்.

சீக்கிரம் வந்ததால் அடைப்பைக் கரைக்க முடிந்தது. பேச்சு திரும்பிவிட்டது. கை பாதிதான் திரும்பியது. இப்போது அவள் வகுப்பறையில் சாலைக் குறியீடுகள் சொல்லித்தருகிறாள்.

சட்டைப் பொத்தானைக் கணவர்தான் போட்டுவிடுகிறார்.

“புதன்கிழமை மறுபடி ரத்தம் எடுக்கணும்.”

“தெரியும். அன்னிக்கு வேலை எதுவும் ஒத்துக்கல.”

“குறைஞ்சிருக்குமா?”

அவர் பொத்தானைத் தப்பாக மாட்டி, கழற்றி, மறுபடி மாட்டினார்.