பேய்ப்படைக்குச் சட்டை தைத்தவர்கள்

ஆவடியில் ராணுவச் சட்டை தைத்தவள் என்று சொல்லிக்கொள்வதில் எனக்கு எப்போதும் ஒரு கர்வம் உண்டு. நான் எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். அதனால் மாலையில் மருமகள் கதைப் புத்தகம் வாசித்துக் காட்டுவாள். இந்த முறை ஒரு பேய் ராஜா ஓயாமல் சண்டை போடும் கதை. அவன் படைக்குச் சட்டை தைக்கும் ஊரார், சண்டை நின்றால் வேலை போய்விடுமே என்று, அது நிற்காமலிருக்க விளக்கேற்றிக் கும்பிடுகிறார்கள்.

"ராஜாவ உடு அத்தே, இதுங்கதான் பெரிய பேயிங்க!" என்றாள் மருமகள்.

எனக்கு ஆவடி நாட்கள் ஞாபகம் வந்துவிட்டன. எல்லையில் சண்டை நடந்த சமயம் எங்களுக்கு ஓவர்டைம் கிடைத்தது. "இன்னும் ரெண்டு மாசம் இப்டியே அடிச்சிக்கினாங்கன்னா எனக்கு ஒரு ஜோடி கம்மல் வந்துரும்டீ" என்று சிரித்தேன். பக்கத்து மிஷினில் சரோஜா. அவள் மகன் அந்த எல்லையில்தான் இருந்தான், அது எனக்கும் தெரியும். அவள் மிஷின் சட்டென்று நின்றது. என்னைப் பார்க்காமலே மறுபடி ஓட்டினாள்.

மகன் நல்லபடியாகத் திரும்பிவிட்டான். நான்தான் மன்னிப்புக் கேட்கவேயில்லை.

"மேல படிக்கட்டா?" என்றாள் மருமகள்.

"அந்தப் பக்கத்தையே இன்னொரு வாட்டி படிம்மா."

சரோஜா இப்போது முத்தாபுதுப்பேட்டையில் இருக்கிறாள், ஒரே பஸ்தான். இந்தக் கம்மலோடு எந்த முகத்தை வைத்துக்கொண்டு அவள் வாசலில் போய் நிற்பேன்?