அரக்குச் சேலைத் துண்டு

சென்ற மாதம் வீட்டைக் காலி செய்ய உதவிக்கு வந்த மகள், தகரப் பெட்டியின் அடியிலிருந்து அரக்கு நிறச் சேலைத் துண்டு ஒன்றை எடுத்து, "யாருதும்மா இது?" என்று கேட்டாள்.

எழுபதுகளின் கடைசியில் எனக்கு ஜவ்வாது மலை மேல், ஜமுனாமரத்தூரில் ஆசிரியை வேலை. கணவருக்கு வேலூரில் உத்தியோகம். சனிக்கிழமை பஸ்ஸில்தான் வருவார். ஒன்றரை வயது மகளைப் பக்கத்து வீட்டு மூதாட்டியிடம் விட்டுவிட்டுப் பள்ளிக்குப் போவேன். ஊருக்கே அவள் பெரியம்மா. புருஷன் இல்லை, பிள்ளையும் இல்லை. பழைய சேலையில் கிழித்த அந்த அரக்குத் துண்டால் குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டே சாமை புடைப்பாள், புளியில் கொட்டை எடுப்பாள். துணியில் புளியும் அடுப்புப் புகையும் வெற்றிலையும் கலந்து ஒரு வாசனை அடிக்கும். அதைக் கன்னத்தில் வைத்தால்தான் மகள் என் வீட்டிலும் தூங்குவாள்.

எனக்கு வயிறு எரியும். மாலையில் நான் கை நீட்டினால் குழந்தை அவள் தோளில் முகத்தைப் புதைத்துக்கொள்ளும். பெரியம்மா என்னை 'டீச்சரு' என்பதைக் கேட்டுக் கேட்டு, என் மகளும் என்னை 'டீச்சரு' என்றே கூப்பிட்டாள். 'அம்மா' பெரியம்மாவுக்குப் போயிற்று. பத்து மாதம் சுமந்தவள் நான். பெரியம்மாவைப் போல நல்ல மனசு யாருக்கும் வராது என்று ஊரார் சொல்வார்கள். அதுவும் எனக்குப் பிடிக்காது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தத் துணியை வெந்நீரில் ஊறவைத்து, சோப்புப் போட்டுக் கும்மித் துவைத்தேன். அழுக்கு என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். மத்தியானம் குழந்தை அதை முகர்ந்து பார்த்துத் தூக்கி எறிந்துவிட்டு, தொண்டை கட்டும்வரை அழுதது. என் சேலையைக் கொடுத்தேன், தள்ளிவிட்டது. வேறு வழியில்லாமல் துணியோடு பெரியம்மாவிடம் போனேன். அவள் ஒரு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு ஆறியிருக்கும். துணியை இடுப்பில் செருகிக்கொண்டு, "இன்னா பண்றது டீச்சரு, அதுக்கு இந்த நாத்தம் பழகிப்போச்சி. போய்ட்டு சாயங்காலம் வா" என்றாள்.

அதே வாரம், துவைக்க வாளியில் போட்டிருந்த என் ரவிக்கை ஒன்று காணாமல் போயிற்று. எங்கள் வீட்டுக்குள் வந்து போகிறவள் அவள் ஒருத்திதான். திருடி என்று மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன், சந்தோஷமாகக்கூட இருந்தது. அன்றே மாற்றல் கேட்டு எழுதிப் போட்டேன்.

திருப்பத்தூருக்கு மாற்றல் கிடைத்துக் கிளம்பிய அன்று, பஸ்ஸுக்கு நின்றிருந்த எங்களிடம் பெரியம்மா வந்தாள். கையில் அதே அரக்குத் துணி, உள்ளே ஏதோ சுற்றி. பிரித்தால் என் ரவிக்கை.

"கோச்சிக்காத டீச்சரு. கேக்காம எடுத்துட்டேன். நீ பள்ளியோடம் போனா உன்னத் தேடி புள்ள ஒரே அழுவ. இத கையில குடுத்தாதான் கம்முனு கெடக்கும். நான் இன்னாதான் தூக்கினாலும் பெத்தவ வேறதான?"

நன்றி சொல்லியிருக்க வேண்டும். ஆனால் பஸ் நகர்ந்ததும் மகள் சன்னலுக்கு வெளியே கையை நீட்டி, அவளைப் பார்த்து 'அம்மா' என்று கத்தினாள். நான் திரும்பிப் பார்க்கவில்லை. அந்த மலைக்கு அப்புறம் போகவும் இல்லை.

மகளுக்குப் பெரியம்மா நினைவில்லை. நானும் சொன்னதில்லை. இப்போதாவது சொல்லியிருக்கலாம், வாய்வரை வந்தது.

"என் பழைய சேலைதான்" என்றேன்.

மகள் அதைக் கன்னத்தில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டாள். "ஆமாம்மா, உன் வாசனைதான்" என்றாள்.